பின்பக்கத்து விசிறி

ரெண்டர் பாதியில் நின்றபோது கம்ப்யூட்டர் எந்தச் சத்தமும் போடவில்லை. திரை கறுத்தது, விசிறிகள் நின்றன, அவ்வளவுதான். அந்தத் திடீர் அமைதியில் கட்டிலில் கிடந்த என் கைக்குழந்தை லாராஸ்தான் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

அது வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை நண்பகலுக்குள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறைப் படங்களை நான் அனுப்பியாக வேண்டும். கட்டடம் இன்னும் எழும்பவில்லை. எழும்பினால் எப்படி இருக்கும் என்று ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு, புகைப்படம் போலவே செய்து தருவது என் வேலை. ரெண்டர் என்பது அந்தக் கணக்குதான். பிராசஸர் மணிக்கணக்காக மூச்சுவிடாமல் உழைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வேலை இது.

எனக்கு வேலை தரும் செமாராங் அலுவலகத்தின் முதலாளியம்மா இபு ரெத்னோவிடம் போனில் மறைக்காமல் சொன்னேன்.

"குழந்தை அழுதா நான் பொறுத்துக்குவேன் நிங். உன் கம்ப்யூட்டர் அழுதா நான் என்ன பண்றது? சனிக்கிழமை படம் வரலைன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து இங்க வந்து உக்காரு. மெஷின் சும்மாதான் கிடக்கு."

"இபு, அவளுக்கு இன்னும் முப்பத்தஞ்சாம் நாள் செலபான் விருந்துகூட வைக்கலையே. கைக்குழந்தை."

"தெரியும்மா. எனக்கும் வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. முடியுதா பாரு."

எங்கள் ஊர் சலாதிகாவிலிருந்து தினமும் செமாராங்குக்குப் பஸ். பால்குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். போனை வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவள் நானே. ஏழாம் மாத வயிற்றோடு தரையில் குனிய முடியாமல், பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தி வைத்துப் பூட்டினேன். ஆகவே தப்பு என் கையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுபடி ஓடவிட்டு வெப்பத்தைப் பார்த்தேன். ரெண்டர் தொடங்கியதும் எண் விறுவிறுவென்று ஏறி நூறைத் தொட்டது. எங்கள் ஊர் மலைச்சரிவு. மின்விசிறியே இல்லாத வீடுகள் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிராசஸர் கொதிக்கிறது என்றால் அதன்மேல் உட்கார்ந்து சூடு தணிக்கும் கூலர் சரியாகப் பதியவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கூலரைக் கழற்றினேன். அடியில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் ஒரே சீராகப் பரவியிருந்தது. என் கையைக் குறை சொல்ல முடியவில்லை. இருந்தாலும் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்து, திருகுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கூலரின் தகடுகளில், பின்பக்கமாக, வெள்ளையாய் மெல்லிய தூசி படிந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தால் குழந்தைப் பவுடர். பிள்ளை இருக்கும் அறை, பவுடர் பறக்காதா என்று எண்ணித் தூரிகையால் தட்டிவிட்டேன். அந்தத் தூசியைப் பற்றி அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெட்டியின் பக்கத் தகட்டை மாட்டாமலே ஓடவிட்டேன். எண் எழுபத்தைந்தில் நின்றது. சந்தோஷத்தில் தகட்டை மாட்டினேன். மறுபடி ஏறத் தொடங்கிற்று. கழற்றினால் இறங்குகிறது, மாட்டினால் ஏறுகிறது. அப்படியானால் கூலரில் குற்றமில்லை. உள்ளே உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்குள் என் கணவர் மஸ் போவோ பால் சங்கத்திலிருந்து வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் வருகிறவர், வழக்கம்போல ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தார், முதுகில் ஜிப்பும் நெஞ்சில் முதுகுத் துணியுமாக. நெஞ்சில் காற்று பட்டால் உடம்புக்குள் புகுந்துவிடும் அல்லவா. அவர் வீட்டில் தலைவலி, வயிற்று உப்பசம், மாமியாரோடு மனஸ்தாபம், எதுவானாலும் காரணம் காற்றுதான். நாணயத்தால் முதுகைச் சுரண்டிச் சிவக்க வைத்து அதை வெளியேற்றுவதும் அவரே.

"என்ன நிங், வயித்தைக் கிழிச்சுப் போட்டிருக்க?"

"மூச்சு விட முடியாம சாகுது மஸ். ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் வர்றதுக்குள்ள மேசையை இந்தச் சுவர்ப் பக்கம் நகர்த்தினீங்களே, அப்போ எங்கயாவது இடிச்சீங்களா? கீழ போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. முட்டையைத் தூக்கற மாதிரி தூக்கி வெச்சேன்."

அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

"சரி, இப்போதைக்குத் தகட்டைத் திறந்தே வெச்சு ஓட்டறேன். படம் போகட்டும்."

அவர் முகம் மாறியது. திறந்த பக்கம் நேராகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தார்.

"ஐயோ, இந்தச் சூட்டுக் காத்து மொத்தமும் பாப்பா மேல வருதே! பின்னாடிலேர்ந்து வந்த காத்தையே நான்..." என்றவர் பேச்சை நிறுத்தி, ஜாக்கெட்டைக் கழற்றப் போனார். ஜிப் முதுகில் இருந்ததால் அதுவும் லேசில் வரவில்லை.

"பின்னாடிலேர்ந்து வந்த காத்தை என்ன பண்ணினீங்க?"

அவர் ஜிப்பைத் தேடிக்கொண்டே இருந்தார். பெட்டியின் பின்பக்கம் போய் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து விசிறியின் முன் பிடித்தேன். முன்பக்கத்து விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்கத்து விசிறி சூட்டை வெளியே தள்ளும். அப்படித்தான் நான் பூட்டியிருந்தேன். காகிதம் வெளியே படபடக்க வேண்டும். அது போய் வலைமேல் பச்சென்று ஒட்டிக்கொண்டது. பவுடரும் இந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

"மஸ்."

"நாலே நாலு ஸ்குரூதான் நிங்," என்றார் மெதுவாக. "நகர்த்தினதுக்கப்புறம் ஓடுதான்னு போட்டுப் பார்த்தேன். சரியா நீங்க ரெண்டு பேரும் தலை வைக்கற இடத்துல காத்து அடிச்சுது. பச்சை உடம்புக்காரி, பிறந்த குழந்தை. நான் என்ன செய்வேன்? திருப்பி மாட்டினேன், காத்து வெளிய வரல. ஃபேன் சுத்துது, அது போதும்னு நினைச்சேன்."

"ஜாக்கெட்டைத் திருப்பிப் போடற மாதிரி ஃபேனையும் திருப்பிப் போட்டுட்டீங்க!"

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. ரெண்டு ஃபேனும் எதிரெதிரா நின்னு ஊதுது. நடுவுல அது வெந்துக்கிட்டிருக்கு."

கோபம் வந்தது. கூடவே, அந்தத் தலையணைப் பக்கம் அவர் உள்ளங்கையை வைத்துக் காற்றைத் தேடியிருப்பார் என்பதும் கண்முன் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு பேச எனக்குத் தெரியவில்லை. அந்த நான்கு திருகுகளைக் கழற்றி விசிறியைப் பழையபடி திருப்பினேன்.

ஆனால் திருப்பினால் காற்று மறுபடி கட்டிலின்மேல். அவர் சொன்னது அவ்வளவும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட என்னாலும் முடியவில்லை. அந்தச் சூடான வீச்சில் நானே அவளைக் கிடத்த மாட்டேன். பெட்டியின் முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும். ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது துணி அலமாரி.

"அதை எங்க வைக்கறது?" என்றேன். "வேற இடமே இல்ல."

"முன் அறையில."

"விருந்தாளி உக்கார்ற இடத்துலயா? செலபானுக்கு ஊரே வரும்."

"வரட்டும். நம்ம உள்பாவாடையைப் பார்த்தபடியே சோறு சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

சிரித்துவிட்டேன். பிரசவத் தையல் வலித்தது. என்னைத் தொடவிடாமல், துணிகளையெல்லாம் கட்டிலில் லாராஸைச் சுற்றி மலையாகக் குவித்துவிட்டு, அலமாரியை அவர் ஒருவராகவே முக்கி முனகித் தள்ளிக்கொண்டு போனார். விருந்தாளி அறையில் அதை அவர் அம்மா பார்த்தால் என்ன சொல்வார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மேசையைத் திருப்பிப் போட்டதில் நான் ஜன்னலைப் பார்த்தும், கம்ப்யூட்டரின் முதுகு வெளியைப் பார்த்தும் அமைந்தது. பக்கத் தகட்டை மாட்டினேன். ரெண்டர் ஓடியது. எண் அறுபது, எழுபது, எழுபத்தாறு. பிறகு ஏறவில்லை. மஸ் போவோ கட்டிலின் ஓரத்தில் குந்தி, குழந்தையின் தலைமாட்டில் உள்ளங்கையை விரித்து வைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

"வரல," என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஓடிற்று. வெளியே இரண்டு நாளாக மழை. கொடியில் போட்ட குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. சனிக்கிழமை காலை பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே கூரை இறவாணத்தின் கீழ் புதிதாக ஒரு கயிறு. பெட்டியின் சூட்டுக் காற்று வரும் இடத்தில் வரிசையாக வெள்ளைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

கடைசிப் படத்தை அனுப்பிய சற்று நேரத்தில் இபு ரெத்னோவின் பதில் வந்தது: 'கிடைத்தது. திங்கள் வர வேண்டாம். அடுத்த வேலையை அனுப்புகிறேன்.'

அதை அவருக்குப் படித்துக் காட்ட வாயெடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே மஸ் போவோ இன்னொரு துணியோடு வந்து, அதை விசிறியின் வாயை ஒட்டினாற்போல விரிக்கப் போனார்.

"தள்ளி மஸ்! இன்னும் ரெண்டு சாண் தள்ளிப் போடுங்க. அது மூச்சு விடட்டும்."

அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு சாணும் நகர்ந்தார்.