டயர் தட்டும் நேரம்

பெரியவர் விடியும்போதே முகம் மழித்துக் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு எண்பது வயது நிறைகிறது. மண்டபம் பிடித்து விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். வீடே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் பறந்துகொண்டிருந்தது.

பலூன் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்த மருமகள், மாமா கொஞ்சம் நகர்ந்துக்கோங்க என்றாள். அவர் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் போனார். அங்கே மகள் வந்து ஜரிகைத் தாளை விரித்தாள். அவர் வாசற்படிக்குப் போனார். பழைய காக்கிச் சட்டையில் ஸ்டீயரிங் பிடித்தபடி அவர் சிரிக்கும் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, மகனும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படத்துக்கு வழிவிட்டு ஆள் நகர்ந்தார். கடைசியில் நாற்காலி வெளிக் கேட்டுக்கு அருகில் போய்ச் சேர்ந்தது. விழா நாயகர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். நாயகருக்கு வீட்டுக்குள் இடம் இல்லை.

யாரும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் அவருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, மருந்துக்குக் குறைவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள்தான். ஆனால் அவர் கைகழுவிவிட்டு மேசைக்கு வருவதற்குள் மற்றவர்கள் பாதி சாப்பிட்டிருப்பார்கள். அவர் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். "அந்தக் காலத்துல நம்ம வண்டியில..." என்று தொடங்கினாலே, சொல்லியிருக்கீங்க மாமா என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு அந்த வண்டியைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. அவளே அதில் போய் வந்தவள்தான்.

உள்ளூர் பஸ் அது. பழைய காலத்து வண்டி. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும். அதன்மேல் பைகளும் சாப்பாட்டுக் கேரியர்களும் குவிந்திருக்கும். இறங்குவதற்குள் சாப்பாடு தானாகவே சூடாகிவிடும். மழை வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் தார்ப்பாயை இறக்குவார்கள். ஓட்டை இருக்கும் இடம் எது என்று தெரிந்தவர்கள் முதலிலேயே தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். கியர் கம்பி கைத்தடி உயரம் இருக்கும், அதை மாற்றும்போது வண்டி மொத்தமும் ஒரு முறை இருமும். வீட்டுச் சாவியைக் கொடுத்து, அடுத்த ஸ்டாப்பில் என் பையன் நிற்பான், கொடுத்துவிடுங்கள் என்பார்கள். மருந்துச் சீட்டைக் கொடுத்தனுப்பினால் திரும்பி வரும் வண்டியில் மருந்து வரும். தபால்காரர்கூட அவ்வளவு வேலை செய்ததில்லை.

இதெல்லாம் எல்லா டிரைவர்களும் செய்ததுதான். இவருக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார். வண்டி புறப்படும் நேரத்தில் தூரத்தில் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால், கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். காற்று சரியாக இருக்கிறதா என்று டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். ஓடி வந்தவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காற்று சரியாக இருப்பது அவருக்குத் தெரியவரும். தாமதமாக வந்தவரை யாரும் முறைக்கவும் முடியாது. டயர் பார்த்ததால்தானே வண்டி நின்றது. ஊரே அவரை "டயர்தட்டி" என்றுதான் கூப்பிட்டது. பழியை டயர்மேல் போட்டு மனிதர்களைக் காப்பாற்றியவர் அவர்.

மருமகள் அப்போது துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். நான்கு பெண்களுக்கு ஒரே கண்ணாடி உள்ள வீடு அவளுடையது. அவள் முறை வருவதற்குள் பஸ் நேரம் ஆகிவிடும். பாதி பின்னிய சடையோடு ஓடி வருவாள். தட்டும் சத்தம் கேட்டதும் உயிர் வரும். மூச்சு வாங்க அவள் அருகில் வரும்போது அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "மெதுவா வாம்மா. வண்டி நிக்குது."

ஒரு நாள் அவர் தன் மனைவியை அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து அவளைக் காட்டினாராம். அப்படித்தான் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள் என்று துணிக்கடையில் கேலி செய்து தீர்த்தார்கள்.

இப்போது அதே வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. முதல் கார் மகனுடையது. அதன் முன் சீட் அப்பாவுக்கு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் பழைய பஸ் வடிவத்தில் செய்த கேக் பின்னால் வைத்தால் குலுங்கும் என்று மகன் அதை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டான். அப்பா தங்கச்சி காரில் வரட்டும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது காரில் மகளும் குழந்தைகளும். அப்பா அண்ணன் காரில் போயிருப்பார் என்பது அவள் கணக்கு. கடைசியாக, சாமான் ஏற்றிய வாடகை வேனில் மருமகள், மடியில் பூஞ்சாடியோடு. வீட்டைப் பூட்டிய கையோடு கேட்டருகே பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மாமா கிளம்பிவிட்டார் என்று நிம்மதியாக ஏறிக்கொண்டாள். பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அந்தக் காலத்துப் பயணிகளைத் தேடித் தேடி அழைத்திருந்தான் மகன். முதல் வண்டியில் வேலைக்குப் போன நர்ஸம்மா, கூடையோடு ஏறும் காய்கறிக்காரம்மா, எல்லோரும் நரைத்த தலையோடு வந்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சிரித்தார்கள். டிரைவர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், உள்ளே இருப்பார் என்று பதில் சொல்லப்பட்டது. கேட்டவர்கள் அதிகம், உள்ளே போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதலில் பேசியவர் பழைய கண்டக்டர். விசிலை இன்னும் கழுத்தில் மாட்டியிருந்தார். "ஓடி வர்ற ஆளைப் பொறுத்து டயர் மாறும்," என்றார். "வயசுப் பொண்ணுன்னா ஒரு டயர். நர்ஸம்மான்னா மூணு. மாசமா இருக்கிற பொண்ணுன்னா ஆறு டயரையும் தட்டிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணி வேற ஊத்துவாரு. நான் லேட்டாகுதுன்னு கத்துவேன். இப்ப நினைச்சா அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது."

மண்டபம் சிரித்தது, கண்ணையும் துடைத்துக்கொண்டது. இத்தனை பேர் மனதில் இருக்கிற மனிதரோடு ஒரே வீட்டில் இருக்கிறோமே என்று மருமகளுக்குப் பெருமையாக இருந்தது.

மகன் மைக்கை வாங்கி, எங்கள் அப்பாவை மேடைக்கு அழைக்கிறோம் என்று அறிவித்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் வரவில்லை. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. மகன் தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணியைப் பார்த்தாள். மூன்று முகத்திலும் ஈயாடவில்லை.

மகன் அவசரமாக அப்பாவின் போனுக்கு அடித்தான். மணி மருமகளின் கைப்பைக்குள்ளிருந்து கேட்டது. தொலைத்துவிடுவார் என்று அவள்தான் வாங்கி வைத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து நாத்தனாரின் சின்ன மகள் சொன்னாள், தாத்தா என் தண்ணி பாட்டிலை எடுக்கத்தான் பின்னாடி துணி துவைக்கிற இடத்துக்குப் போனார் என்று. காரிலேயே சொன்னாளாம். தாத்தா மாமா கார்ல வர்றார், பேசாம உட்காரு என்று அம்மா அதட்டினாளாம்.

பெரியவருக்குச் சர்க்கரை உள்ள உடம்பு. மண்டபத்தில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலையில் யாருமே அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை. வீட்டைப் பூட்டியவள் மருமகள். வெளியே வெயில். மகனும் அவளும் காருக்கு ஓட, கண்டக்டரும் கூடவே வந்து ஏறிக்கொண்டார். முன் சீட் பெல்ட்டில் இன்னும் கேக்கின் கிரீம் ஒட்டியிருந்தது. வழி முழுக்கக் கணவனும் மனைவியும் நீ பார்த்திருக்க வேண்டும், நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

வீட்டு வாசலில் நாற்காலி இருந்தது. அவர் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். மகனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கண்டக்டர்தான் சொன்னார், பஸ் ஸ்டாப்புக்கு விடப்பா, அவர் வேறு எங்கே போவார் என்று.

அங்கேதான் இருந்தார். நிழற்குடையின் தகரத்துக்குக் கீழே, வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையோடு, மடியில் ரோஜா நிறத் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு. தாகத்துக்கு அதைத் திறந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பேத்தியுடைய பாட்டில் அல்லவா.

கார் நிற்பதற்குள் மருமகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பட்டுப்புடவை தடுக்கியது, பூ கழன்று விழுந்தது. அவள் ஓடி வருவதை அவர் பார்த்தார். எழுந்து நின்று, இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அதே குரலில் சொன்னார்:

"மெதுவா வாம்மா. வண்டி நிக்குது."

அவள் நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டாள். அவர்தான் அவளைக் கைபிடித்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டிலோடு வெளியே வந்தபோது வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்ததாம். கையைத் தூக்கிக்கொண்டு முடிந்த மட்டும் ஓடினாராம். பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று வந்தாராம். ஒரு பஸ் நிற்காமல் போனது. இன்னொன்று தள்ளி நின்றது, இவர் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது.

"நானும் ஓடித்தான் வந்தேன்," என்றார். "யாரும் டயரைத் தட்டல."

"இப்ப உள்ள பஸ்காரங்க அப்படித்தான் மாமா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் பாட்டிலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் பஸ்ஸைச் சொல்லலம்மா," என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவின் செருப்பு வாரை மாட்டிவிட உட்கார்ந்தான். அது மாட்டியேதான் இருந்தது.

பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, உடம்பு தெளிந்த பிறகே மண்டபத்துக்குத் திரும்பினார்கள். ஒருவர்கூடக் கலைந்து போயிருக்கவில்லை. அவர் உள்ளே நுழைந்ததும் எழுந்த கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நர்ஸம்மா ஓடி வந்து முதல் வேலையாக நாடி பிடித்துப் பார்த்தார். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். காய்கறிக்காரம்மாவிடம், கூடையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார்.

மருமகள் மேடை ஏறிப் பேசிப் பழக்கம் இல்லாதவள். அன்றைக்கு மைக்கை அவளே கேட்டு வாங்கினாள்.

"எங்க மாமா ஓட்டின வண்டி யாரையும் விட்டுட்டுப் போனதில்ல. இன்னிக்கு அவர் விழாவுக்கு அவரையே நாங்க விட்டுட்டு வந்துட்டோம். கேக்குக்கு சீட் இருந்துது, படத்துக்கு இடம் இருந்துது. அவருக்கு இல்ல. ஆளாளுக்கு, இன்னொருத்தர் பாத்துப்பாங்கன்னு நினைச்சோம். பெரியவங்களை அப்படித்தான் எல்லா வீட்லயும் மறக்கிறோம், கெட்ட எண்ணத்துல இல்ல, அவசரத்துல. உங்க வீட்ல பெரியவங்க இருந்தா, அவங்களுக்கு விழா எடுக்கிறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல அவங்க ஏறிட்டாங்களான்னு பாருங்க."

இறங்கிப் போய் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மண்டபத்தில் பல பேர் தங்கள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஏறியாயிற்று, சாமான் ஏறியாயிற்று. பெரியவர் மட்டும் கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு, பழைய கதை பேசியபடி படி படியாக இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

மகன் காரை விட்டு இறங்கினான். டிக்கியைத் திறந்தான். மண்டபத்தில் பார்வைக்கு வைக்கவென்று கொண்டு வந்திருந்த அந்தப் பழைய மரக்கட்டையை எடுத்தான். முன் டயரைத் தட்டினான். பிறகு பின் டயருக்குப் போனான். ஹாரன் அடித்தவர் தலையை நீட்டி, என்ன சார் டயர்ல காத்து இல்லையா என்று கேட்டார்.

"பாத்துட்டிருக்கேன் சார்," என்றான் மகன். "எங்கப்பா ஏறி உக்காந்ததும் சரியாயிடும்."

பெரியவர் ஒரு காலை உள்ளே வைத்தார், நிதானமாக மறு காலையும் எடுத்து வைத்தார், முன் சீட்டில் சாய்ந்துகொண்டார். மருமகள் கதவைச் சாத்தினாள். கண்டக்டர் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு, கழுத்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"ரைட்," என்றார்.