மாமா வழிவிடாத பந்தயம்

என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை மூன்று மாதமாக, தண்டனை வாங்கிய பள்ளிப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அது இருந்த இடத்தில் மாமாவின் பந்தய மிஷின்: ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல், ஒரு பெரிய திரை, விற்காமல் போன மெத்தையை மடித்துக் கட்டிய இருக்கை. குடும்பம் மாடிப்படியில் சாப்பிட்டது. படிக்கு ஒருவர். பாத்திரம் மேலிருந்து கீழே இறங்கும். கடைசிப் படியில் இருக்கும் மாமாவிடம் வந்து சேரும்போது கரண்டிச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும்.

மாமா மெத்தைக் கடைக்காரர். கடை வாசலைத் தாண்டுகிற யாரையும் இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்பியதில்லை. தபால்காரர் ஒருமுறை பதிவுத் தபால் கொடுக்க வந்து, இரட்டை மெத்தையோடு திரும்பினார். இத்தனைக்கும் அந்தத் தபால்காரர் தனிக்கட்டை.

இப்படிப்பட்டவருக்கு இணையக் கார் பந்தயத்தைக் காட்டிக்கொடுத்த பாவி நான்தான். அக்காவின் தம்பி; அதே வீட்டு மாடி அறையில் என் சொந்த மிஷினோடு குடியிருப்பவன். சாதாரணப் பந்தயத்தோடு விட்டிருக்கலாம். கலப்பு வகுப்புப் பந்தயத்தில்தான் சுவாரசியமே இருக்கிறது என்று ஆசை காட்டினேன்.

"ஒரே தடம் மாமா, ஆனா ரெண்டு பந்தயம். வேகமான கார் ஒரு வகுப்பு, மெதுவான கார் ஒரு வகுப்பு. எல்லாரும் ஒண்ணாத்தான் ஓடுவோம். நான் வேகம். நீங்க புதுசு, அதனால மெதுவான கார். உங்க போட்டி உங்க வகுப்போட மட்டும்தான்."

"அப்ப நீங்கல்லாம் பின்னாடி வந்தா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்க பாட்டுக்கு உங்க கோட்டுல போங்க. சுத்திப் போறது எங்க பொறுப்பு. விதியே அதுதான்."

"வர்றவங்களுக்கு வழிவிடாம எப்படி மாப்ளே? நல்லாவா இருக்கும்?"

கோணல் அங்கேதான் ஆரம்பித்தது.

வேகக் கார்கள் நெருங்கும்போது முகப்பு விளக்கைச் சிமிட்டும். 'நான் வருகிறேன், நீ அசையாமல் போ' என்று அர்த்தம். மாமாவுக்கோ அது வாடிக்கையாளர் வாசலில் நின்று கனைக்கிற மாதிரி. உடனே மைக்கைத் திறப்பார்.

"வாங்க சார், வாங்க. உள்பக்கம் போறீங்களா, வெளிப்பக்கமா?"

"எதுவா இருந்தாலும் சரிங்க, நீங்க ஆடாம போங்க!"

"அட, கோவிச்சுக்காதீங்க. உள்பக்கம் இந்த வளைவு முடிஞ்சதும் தர்றேன். அவசரம்னா வெளிப்பக்கம் இப்பவே எடுத்துக்குங்க. பின்னாடி வர்றவர் உங்களுக்கு வேண்டியவரா? ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா நடுவுல விட்டுடறேன்."

பேச்சு படிவதற்குள் வளைவு வந்துவிடும். மாமா மரியாதையாக ஒரு பக்கம் ஒதுங்குவார். வந்தவரும் சரியாக அந்தப் பக்கத்தில் இருப்பார். பதினோரு பந்தயம் ஓடி, பதினொன்றும் தடத்தோரச் சரளைக்கல்லில் முடிந்தன. ஒருமுறை கார் தலைகீழாகக் கிடக்கும்போதும், "போகட்டும் சார், அடுத்த சுத்துல பார்த்துப் பண்ணிக்கலாம்" என்று வழியனுப்பினார்.

அன்று அக்கா, தட்டோடு படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை மதியம் ஒரே ஒரு பந்தயம். கடைசிவரைக்கும் ஓட்டி முடிங்க. முடிச்சா மிஷின் இங்கயே இருக்கட்டும். முடிக்கலைன்னா கழட்டிட்டு மேசையைப் போட்டுடுவேன்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. பகலெல்லாம் மற்றவர்கள் படுத்துப் பார்ப்பதை நின்றுகொண்டு பார்க்கிற மனிதர்; அவர் உட்கார்ந்து பறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். எனக்குப் பாவமாக இருந்தது. பெருந்தன்மையும் பொங்கியது.

"அவரை மட்டும் மிரட்டாதேக்கா. எனக்கும் அதே விதி. நான் முடிக்கலைன்னா என் மிஷினைக் கழட்டிட்டு மேசையை என் ரூம்ல போட்டுக்கோ."

அரை வருஷமாக நான் முடிக்காத பந்தயமே கிடையாது. கைவிட்டுப் போகாத பொருளை வாரி வழங்குவது எங்கள் வம்சத் தொழில். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் அவள் கடையிலிருந்து ஒரு பலகையோடு வந்தாள். மாமா சாப்பிடப் போகும் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். உட்கார்ந்த கையோடு 'ஒரே விலை' என்ற அந்தப் பலகையை மாட்டிவிடுவாள். அதை இப்போது மாமாவின் திரைக்கு மேல் தொங்கவிட்டாள்.

"நான் இருக்கும்போது கடையில யாராச்சும் பேரம் பேசுவாங்களா?"

"மூச்சு விடமாட்டாங்க."

"அந்தக் கோடுதான் விலை. ஒரு விரக்கடை கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. போறவங்க போகட்டும்." மைக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தாள்.

நான் மாடிக்கு ஏறினேன். பந்தயம் ஆரம்பித்தது.

மாமா அற்புதமாக ஓட்டினார். அதாவது, ஒன்றுமே செய்யவில்லை. விளக்கு சிமிட்டியது, அசையவில்லை. நானே இரண்டு முறை அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். கம்பத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுகமாக இருந்தது. யாரோ ஒருவர், "நன்றிங்க" என்றார்.

கடைசிச் சுற்று. நான் முதலிடம். முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு பல் டாக்டர். பிடித்தால் விடமாட்டார், தொழில் அப்படி. கடைசி வளைவுக்கு முன்னால், எனக்கு நேரே, மாமாவின் கார். பின்னால் ஒரு நொடி பொறுத்தால் டாக்டர் என்னைப் பிடுங்கிவிடுவார். மைக்கைத் திறந்தேன்.

"மாமா, நான்தான்! கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்குங்க!"

மாமாவின் கார் கோட்டை விட்டு அசையவில்லை.

"சொந்தக்காரனுக்கு ஒரு சலுகை கூடவா கிடையாது?"

"ஒரே விலை" என்றது அக்காவின் குரல்.

நான் நம்பவில்லை. ஊருக்கெல்லாம் ஒதுங்கிய மனிதர், எனக்கு ஒதுங்காமல் போவாரா? ஒதுங்கிவிடுவார் என்ற கணக்கில் உள்பக்கம் பாய்ந்தேன். வளைவில் கோடே உள்பக்கம்தான் திரும்புகிறது; மாமாவின் கார் அந்தக் கோட்டிலேயே, தாலுகா ஆபீஸ் கட்டடம் நகர்வதுபோல உள்பக்கம் வந்தது. மோதாமலிருக்க பிரேக்கை மிதித்தேன். என் கார் புல்லில் மூன்று சுற்றுச் சுற்றி, டயர்ச் சுவரில் ஏறி, சக்கரத்தை வானத்துக்குக் காட்டியது. பல் டாக்டர் மறுபக்கமாகச் சாவகாசமாகப் போனார். அவருக்குப் பின்னால் மாமா முடிவுக்கோட்டைத் தாண்டினார். அவருடைய வகுப்பில் பதினான்கு பேர், அவர் பதினான்காவது. கீழேயிருந்து தட்டைக் கரண்டியால் அடிக்கும் சத்தம் வந்தது.

இறங்கி வந்தேன். மாமாவின் கண் கலங்கியிருந்தது.

"உனக்கு ஒதுங்கணும்னு கை பரபரன்னுச்சு மாப்ளே."

"பின்ன ஏன் ஒதுங்கலை?"

"சுத்திப் போறது உங்க பொறுப்புன்னு நீதானே சொன்னே?"

அக்கா அதற்குள் மேசையின் ஒரு முனையைத் தூக்கியிருந்தாள். "டேய், பேச்சு அப்புறம். அந்த முனையைப் பிடி. சூடு ஆறறதுக்குள்ள மேல போய்ச் சாப்பிடணும்."

பின்பக்கமாக நடந்து, என் மிஷினின் கடைசி நாளை நோக்கிப் படியேறினேன். பாதிப் படியில் திருப்பம். மேசை சுவரில் இடித்து நின்றது. கீழேயிருந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மாமா, மூன்று மாதத்தில் இல்லாத உற்சாகத்தோடு தலையை நீட்டினார்.

"உள்பக்கம் போறியா மாப்ளே, வெளிப்பக்கமா?"