நாற்பத்திரண்டு நாள்

அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் முனீஸ்வரிக்குக் காய்ச்சல் அடித்தது. இடது தோளில் வலி. படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது.

"வாயுவா இருக்கும். செத்த நேரம் படு," என்றான் கணவன் லிங்கேஸ்வரன்.

"வாயு இல்ல. இப்படி வந்தா உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கார் சொல்லுங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. எடை குறைப்பதற்காக வயிற்றைச் சுருக்கித் தைத்த இடத்தில் கசிவு இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. கசிந்ததை வெளியேற்ற விலாவில் ஒரு குழாய் வைத்தார்கள். உணவுக்கு மூக்கு வழியாகக் குடலுக்கு இன்னொன்று. புண் ஆறும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது.

"இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா கஷ்டமாயிருக்கும்மா," என்றார் டாக்டர்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பிறகு குழாய்களோடு வீடு. ஆஸ்பத்திரியில் தந்த சத்துப்பொடியைக் கரைத்துக் குழாயில் ஏற்றுவதையும், ஏற்றி முடித்ததும் தண்ணீர் விட்டு அலசுவதையும் முனீஸ்வரியே செய்தாள். பார்க்க வந்த நாத்தனார் ஆவுடையம்மாள் மூக்குக் குழாயைக் கண்டதும் கலங்கிவிட்டாள்.

"நல்லா இருந்த உடம்ப இப்படிக் கெடுத்துக்கிட்டியே."

"எங்க நல்லா இருந்துச்சு மதினி? நூத்தி இருபத்தாறு கிலோ. நாப்பது வயசுல முட்டி போச்சு, சுகர் முந்நூறு. ஒரு தையல் விட்டுப்போச்சு, அம்புட்டுதான். ஆறிட்டு வருது."

ஒரு வாரமாக வீட்டில் தாளிக்கும் வாசனையே இல்லை என்பதை அவள் கவனித்தாள். லிங்கேஸ்வரன் மூன்று வேளையும் வெளியே தின்றுவிட்டு, வாயைத் துடைத்தபடி திருடனைப்போல் வந்தான்.

"ஏன் வெளிய போய்ச் சாப்பிட்டு வாறிய?"

"நீ பார்த்துக்கிட்டு இருக்க, நான் எப்படித் திங்க?"

"இங்கனயே ரசம் வைங்க. வாசனையாச்சும் எனக்குக் கிடைக்கட்டும்."

அன்று அவன் வைத்த ரசத்தில் உப்பு அதிகம். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தவனைப் பார்த்து அவள் சிரித்தாள். விலாவில் வலித்தது. வலித்தாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

குழாய் வைத்த நாற்பத்திரண்டாம் நாள் மதுரையில், எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் கொஞ்சம் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. குழாய்களை எடுத்தபின் நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். முனீஸ்வரி அதைச் சட்டென்று விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தாள். தண்ணீர் இனித்தது.

மேலும் இரண்டு மாதம் கழித்து இராஜபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியின் மாடியில் துணிச் சுருள்களைச் சோதிக்கும் வேலை அவளுக்கு.

"கீழ பேக்கிங்ல உக்காரும்மா. படி ஏற வேண்டாம்," என்றார் மேனேஜர் விஜயபாண்டி.

"வேண்டாம் சார். மேலயே போறேன்."

பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். கீழே விஜயபாண்டி இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடிக்காமல் மீதிப் படிகளை ஏறினாள்.