திரு. மண்ணாங்கட்டி அவர்கள்

திண்டிவனத்து லோக்கல் சேனலில் செய்தி வாசித்த காலத்தில் தென்னரசு தன்னைப் பெரிய பத்திரிகையாளன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். ஊரார் கணக்கு வேறு. செய்திக்குப் பிறகு அவன் வாசிக்கும் மரண அறிவிப்புக்குத்தான் அவர்கள் டிவியைப் போட்டார்கள். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவுக்குக் கிளம்பினார்கள். அவன் யாருக்காவது போன் செய்து "வணக்கம்" என்றாலே, எதிர்முனையில் "யாருங்க போய்ட்டாங்க?" என்று பதறினார்கள்.

சேனலை மூடிய பிறகு, தபால் வழியில் படித்து வைத்திருந்த வரலாற்றுப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்தான். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரி, மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. இதுவும் போனால் மச்சானின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களைப் பற்றி ஆரம்பித்தான். பாழாய்ப்போன குரல் பழைய தடத்திலேயே ஓடியது. ஒவ்வொரு ராஜா காலமானபோதும் பின் பெஞ்சில் ஒருத்தன் எழுந்து தலைகுனிந்து நின்றான். வகுப்பே சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவி பிரபாவதி மட்டும் சிரிக்கவில்லை. உரக்கடை கண்முன் தெரிந்தது.

பெருமுக்கல்லிலிருந்து வரும் மாணவி அமலா எழுந்தாள். "சார், எங்கப்பா தவறனப்போ நீங்கதான் படிச்சீங்க. 'திரு. மண்ணாங்கட்டி அவர்கள்'னு. ஆயுசு பூரா அடுத்தவங்க நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு கெடந்தாரு. அவர யாருமே அப்படிச் சொன்னதில்ல."

தென்னரசுக்கு உச்சி குளிர்ந்தது. ஆமாம், நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பெயர் ஞாபகத்திலேயே இல்லை. பாதி நாள், மேசையில் டீ ஆறுகிறதே என்ற கவலையோடுதான் படித்திருக்கிறான்.

"அது நான் குடுத்த மரியாதை இல்லம்மா," என்றான். "யாரா இருந்தாலும் ஒரே மாதிரி படிக்கணும்னு ஓனர் சொன்னாரு. படிச்சேன்."

"அதான் சார் கேக்கறேன். இங்கயும் அப்படிப் படிப்பீங்களா? கோட்டைக்குக் கல்லு சொமந்தவங்கள?"

எந்த இடைவெளியையும் ரெண்டு வாக்கியத்தில் அடைத்துவிடுகிற வாய்தான். இந்தக் கேள்வியை அப்படி அடைக்க மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"அவங்க பேரு எனக்குத் தெரியாதும்மா," என்றான்.

பிரபாவதி எழுந்து வந்தார். "திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க சார். அமலா கேட்டதுலருந்தே ஆரம்பிங்க."

வேலை கிடைத்த சந்தோஷம் பஸ் ஏறும்வரைதான் இருந்தது. ஒரு பெயராவது அகப்படுமா என்று பையிலிருந்த புத்தகங்களைக் கூட்டேரிப்பட்டு வரும்வரை புரட்டினான். பக்கத்துக்குப் பக்கம் ராஜாக்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள்.