சாப்பாட்டு மேசையில் இருந்த எஞ்சின்

பானெட்டுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்க ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டருக்கு வெகு நேரம் பிடித்தது. பேர் மாற்றும் விண்ணப்பத்தோடு தம்பி பக்கத்தில் நின்றான். அக்கா கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாருடைய வண்டியையோ யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல நின்றாள். அவள் புருஷன், மாமா, இறந்துபோனதிலிருந்து எல்லா இடத்திலும் இப்படித்தான் நிற்கிறாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். அவளாக வாயைத் திறந்து கேட்டது ஒன்றுதான்: வண்டியை விற்காதே, என் பேருக்கு மாற்றிக் கொடு.

அந்த வண்டி மாமாவைவிட மூத்தது. வீட்டில் அதற்குப் பெரியம்மா என்று பெயர். காலையில் கிளம்ப மறுத்து இருமினால், "பெரியம்மாவுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல, யாரும் கிட்டப் போகாதீங்க" என்பார் மாமா.

இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பர் வேறு, உள்ளே இருப்பது வேறு என்றார். எஞ்சின் மாற்றியதாக எழுதிக்கொள்ளலாம், அதற்குப் பில் வேண்டும். பில்லுக்கு எங்கே போவது? மரத்தில் மோதி அப்பளமாகிவிட்ட ஒரு வேனிலிருந்து மாமா கழற்றிக்கொண்டு வந்தது அது.

"அப்ப பழசையே மாட்டிக் கொண்டாங்க, பேரை மாத்தித் தர்றேன். இல்லன்னா இரும்புக் கடைக்குத்தான். பழசு இருக்கா, தூக்கிப் போட்டாச்சா?"

அக்காதான் சொன்னாள்.

"இருக்குங்க. ஹால்ல இருக்கு. அதுமேலதான் சாப்பிடுறோம்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் விஷயம் அதுதான். பழைய எஞ்சின் இறுகிச் செத்தபோது, அதைத் தூக்கிப்போட மாமாவுக்கு மனசு வரவில்லை. கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே கனத்த கண்ணாடி ஒன்றைப் போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்கிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதில் முட்டியை இடித்துக்கொண்டார்கள். தம்பிக்குத் தழும்பே உண்டு.

மாமா போன பிறகு வீட்டில் அக்கா உட்காரும் ஒரே இடம் அதுதான். அதனால் எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கோடு மெக்கானிக் வந்து இறங்கியபோது தம்பி தயங்கி இழுத்தான்.

"வேற வழி இருக்கான்னு யாரையாவது கேட்டுப் பாக்கலாம்க்கா."

"கண்ணாடிய அந்தப் பக்கம் பிடி. வழுக்கும்."

பிளக் துளையில் மாமா செருகி வைத்திருந்த பேனாவை உருவிக் கைப்பைக்குள் போட்டாள். டம்ளர் வைத்த வட்டங்களை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஓடுகிற எஞ்சின் இறங்கியது, ஓடாத எஞ்சின் ஏறியது. நல்லா இருக்கிறவளுக்கு நெஞ்சைப் பிடுங்கிட்டுக் கல்லை வைக்கிறோம் என்று மெக்கானிக் முணுமுணுத்தார். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மெக்கானிக்கின் ஜீப்பில் கயிறு கட்டி ஆபீஸுக்கு இழுத்துப் போனார்கள். ஜீப்பைத் தம்பி ஓட்டினான், பெரியம்மாவின் ஸ்டியரிங்கை மெக்கானிக் பிடித்தார். இன்ஸ்பெக்டர் பெயிண்டைச் சுரண்டி நம்பரைப் படித்துப் பார்த்தார்.

"சரியா இருக்கு. ஓடுமா?"

"ஓடாதுங்க" என்றான் தம்பி.

"நான் ஓடணும்னு கேக்கலையே" என்று கையெழுத்தைப் போட்டார். "இனிமே வண்டி உங்களுதும்மா."

"சரிங்க" என்றாள் அக்கா, தபால்காரரிடம் சொல்வதுபோல.

வெளியே வந்தால் மெக்கானிக்கைக் காணோம். எங்கோ நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்க யாரோ அவரை ஜீப்போடு அழைத்துப் போய்விட்டார்கள். ஆட்டோ பிடிக்கலாம், வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்றான் தம்பி. அக்கா கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிரேக் எட்டவில்லை. மாமா ஆள் நெடுநெடு என்று இருப்பார். மெக்கானிக்கும் அதே உயரம், அதனால் அவரும் சீட்டைத் தொட்டிருக்கவில்லை.

"இத எப்படிடா முன்னாடி தள்றது?"

"அடியில ஒரு கம்பி இருக்கும், தூக்கு." கொஞ்சம் தயங்கி, "ரொம்ப நாளா அசைச்சதில்லக்கா, இறுகிப் போயிருக்கும்" என்றான்.

அவள் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். அவன் பின்சீட்டில் ஏறி, முதுகை முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் உந்தினான். சீட்டுக்கு அடியிலுள்ள இரும்புத் தடம் கிறீச்சிட்டது. சீட்டு கொஞ்சம் நகர்ந்து நின்றது.

"இன்னும்" என்றாள் அக்கா. "எனக்கு இன்னும் எட்டல."

அவன் மறுபடி உந்தினான்.