நாற்பத்தொரு இடத்தில் ஒரே சொல்

கோகிலவாணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்று காலை ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவள் பேசியது பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

“என்னைக் கேக்காம இதை யாருங்க சார் மாத்துனது?”

முதலாளி தனசேகர் காபியை உறிஞ்சிக்கொண்டே, “நாந்தாம்மா” என்றார். “சரி பாக்கற கம்ப்யூட்டரு பச்சை டிக் குடுக்கல. ஒரே இங்கிலீசு சொல்லுக்கு நீ மூணு ஜப்பான் சொல்லு போட்டிருக்கற. பாக்கறவங்க, நமக்குத் தெரியாம தடுமார்றோம்னு நெனப்பாங்கல்ல? ஒரே சொல்லுன்னு பூட்டுனேன். மிச்சத்தை அதுவே திருத்திருச்சு.”

திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்று கட்டிய போர்வெல் ரிக் வண்டி ஜப்பானுக்குப் போகிறது. அங்கே வெந்நீர் ஊற்றுக்குத் துளை போடுவார்களாம். வண்டிக்கான ஆங்கிலக் கையேட்டை ஜப்பானியத்தில் எழுதித் தருவது கோகிலவாணியின் வேலை. அதில் ‘ரிலீஸ்’ என்ற சொல் நாற்பத்தொரு இடத்தில் வந்தது. கிளாம்பை என்றால் யுருமேரு, தளர்த்து. ராடை என்றால் ஹஸுசு, கழற்று. காற்றை என்றால் நிகாசு, வெளியே விடு. எழுதிய மகராசன் யோசிக்கச் சோம்பிப்போய் எல்லாவற்றுக்கும் ரிலீஸ் என்று போட்டிருந்தான். பிரித்தெடுக்க அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

வாடிக்கையாளரிடம் சந்தேகம் கேட்கக் கூடாது என்பது தனசேகர் போட்ட சட்டம். அதனால் மதிய இடைவேளையில் மாடிப்படியில் ஒளிந்து நின்று, பட்டறை ஃபோர்மேன் அருணகிரிக்கு போன் போட்டுக் கேட்டாள். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘ஓஸை ரிலீஸ் செய்யவும்’ என்று இருந்தது. கம்ப்ரஸர் ஓஸ், அழுத்தக் காற்று வரும் குழாய். “மொதல்ல காத்தை வெளிய உடோணும் அம்மிணி. அப்பறந்தான் ஓஸ்ல கை வெக்கோணும்” என்றார் அவர். நிகாசு என்று எழுதினாள்.

இப்போது அந்த இடத்தில் ஹஸுசு. முதலில் ஓஸைக் கழற்று.

அவள் தம்பி கந்தவேலுக்கு இடக்கண் இல்லை. ரிக் வண்டியில் வேலை பார்த்தபோது, காற்று இறங்காத ஓஸை எவனோ கழற்ற, அது சுழன்று வந்து முகத்தில் அடித்தது. இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் பிடிக்கவில்லை. ஒரு சொல்லைச் சரியாக எழுதத் தம்பியின் கண்ணைக் காட்டியா கெஞ்ச வேண்டும்?

“குக்கர்ல ஆவி அடங்காம மூடியக் கழட்டுவீங்களா சார்?”

“ஜப்பான்காரன் வெவரமானவன். அவனுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா கையேடு எதுக்குங்க?”

தனசேகர் ஒரு தாளை நகர்த்தினார். மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி. கீழே கோகிலவாணியின் பெயர் அச்சாகியிருந்தது. “கையெழுத்துப் போடும்மா. மத்தியானம் அனுப்போணும்.”

கோகிலவாணி தாளைத் தொடாமல் அருணகிரிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா, பன்னண்டாம் பக்கத்துல இப்ப என்ன இருக்குதுன்னு தமிழ்ல படிக்கறனுங்க. ‘முதலில் ஓஸைக் கழற்றவும். பிறகு காற்று வால்வைத் திறக்கவும்.’”

பட்டறைச் சத்தத்தையும் மீறி அருணகிரி கத்தினார்.

“எவனுங்க அதை எழுதுனது? மூஞ்சி பேந்து போயிருமுங்க! எழுதுனவனை இங்க வந்து கழட்டச் சொல்லுங்க, பாக்கலாம்!”

தனசேகரின் கை போனை அணைக்க நீண்டது. கோகிலவாணி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “யாருன்னு செத்த நேரத்துல சொல்றனுங்கண்ணா” என்று சொல்லிப் போனை வைத்தாள். தாளில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“உங்க பேரைப் போட்டு அனுப்புங்க சார்.”

தனசேகர் பேனாவை வாங்கினார். அடித்த பெயரைப் பார்த்தார், பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். பேனாவை மெல்ல மேசையில் வைத்தார்.

“நீ எழுதுனதையே அனுப்பிரலாம்மா.”

“பச்சை டிக் வராதுங்க.”

“வராட்டிப் போகுது.”

இவ்வளவு நேரம் அவள் சொன்னது ஏறாத மண்டைக்குள், தன் பெயர் என்றதும் அரை நிமிடத்தில் ஏறிவிட்டது. கோகிலவாணி நாற்பத்தொரு இடத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் புதுத்தாளில் கையெழுத்திட்டாள்.