‘உடனடியாக’ பிழைத்த கதை

மனிதகுலத்தின் கடல்கள் வாழ்வதா சாவதா என்பது அன்று அந்த அறையில்தான் முடிவாக இருந்தது. கடைசி நேரத்தில் அறையை மாற்றிவிட்டதால் உறுப்பினர்களில் பாதிப் பேர் பக்கத்தில் நடந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளின் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்து, அங்கே டீயும் பிஸ்கட்டும் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

மீன் விஞ்ஞானி மட்டும் சரியான அறையில் முதல் ஆளாகக் காத்திருந்தார். கடல் ஒப்பந்தத்துக்கு ஆலோசனை சொல்லும் அறிவியல் குழுவிடம் அந்த அம்மாள் கேட்டது ஒரே வாக்கியம்: ‘இந்த ஆழ்கடல் மீனைப் பிடிப்பதை எல்லா நாடுகளும் உடனடியாக நிறுத்த வேண்டும்.’ பாதி ஆயுள் கழிந்த பிறகே முட்டையிடும் மீன் அது. இந்த முறையும் வாக்கியம் தேறாவிட்டால், அடுத்த கூட்டத்தில் பேச மீன் மிஞ்சாது.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு நாடு முகம் சுளித்தால் போதும், அந்தச் சொல்லை ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று சதுர அடைப்புக்குள் பூட்டிவிடுவார்கள். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் வேறொன்றை விட்டுத்தர வேண்டும். தலைவர் ஒரு சுற்றுக் கருத்துக் கேட்டு முடிப்பதற்குள் வாக்கியத்தில் முற்றுப்புள்ளி ஒன்றுதான் வெளியே நின்றது.

விஞ்ஞானியின் நாட்டுப் பிரதிநிதிகளோடு வக்கீலாக வந்திருந்த அவர் தம்பி, காதருகே குனிந்தான்.

“அக்கா, எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னா ஒண்ணும் தேறாது. எது உசிரோ அத மட்டும் சொல்லு.”

“உடனடியாகதான்டா உசிரு. அது போச்சுன்னா நான் வந்ததே வேஸ்ட்.”

“அப்ப மத்ததுல பேரம் பேசு. வீட்டு ஓனரையே அழ வெச்சவதானே நீ?”

பேரம் நடந்தது. ‘நிறுத்த வேண்டும்’ போய் ‘பரிசீலிக்கலாம்’ வந்தது. ‘எல்லா நாடுகளும்’ இருந்த இடத்தில் ‘விரும்பும் நாடுகள்’ வந்து உட்கார்ந்தன. எதிர்வரிசையிலிருந்த மீன்பிடி நாடுகள் ‘உடனடியாக’ மீது கை வைக்கும்போதெல்லாம், பெற்ற பிள்ளையைப் போல அதை இறுக்கிக்கொண்டு வேறெதையாவது எடுத்து நீட்டினார் விஞ்ஞானி. மாலையில் எதிர்வரிசைக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அடைப்பு திறந்தது.

அறையே எழுந்து கைதட்டியது. “அறிவியல் ஜெயிச்சிடுச்சு,” என்றார் தலைவர், பெட்டியை உருட்டியபடி. விஞ்ஞானிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாதிச்சுட்டேன் பாத்தியாடா?”

தம்பி திரையைப் பார்த்தான். ‘விரும்பும் நாடுகள் உரிய நடவடிக்கைகளை உடனடியாகப் பரிசீலிக்கலாம்.’

“சாதிச்சுட்ட அக்கா,” என்றான்.

அந்த வாக்கியத்தில் மீன் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் அதை விட்டுக்கொடுத்திருந்தார்.